தொட்டி, மிதவை, தொப்பை: டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றால் என்ன?

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. அனுப்பியவர் என்னோடு கல்லூரியில் படித்தவர். வயது 44, கணக்காளர், நாள் முழுக்க நாற்காலிதான். படத்தில் ஒரே ஓர் எண் சிவப்புப் பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தது: டெஸ்டோஸ்டிரோன் 248. கீழே இப்படி எழுதியிருந்தார்: “எனக்கு ஆண்மை போய்விட்டது போலிருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா?”

ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இன்னோர் எண்ணும் இருந்தது. அதை அவர் வட்டமிடவில்லை. ரத்தம் எடுத்த நேரம்: மாலை 4.40. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் எழுதிய அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சொல்லுக்குள் நான்கு சங்கதிகள்

பஸ் நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் “ஆண்மைக்குறைவா?” என்று கேட்கும் நோட்டீஸ்களைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. எந்த ஊரில், எந்த லாட்ஜில், மாதத்தின் எந்தத் தேதியில் வைத்தியர் இருப்பார் என்பது வரை அதில் இருக்கும். இல்லாதது ஒன்றுதான்: எது குறைவு என்ற விவரம்.

அந்த ஒரு சொல் நான்கு வேறு வேறு சங்கதிகளை மூடி வைத்திருக்கிறது. ஒன்று, ஆசை குறைவது. இரண்டு, ஆசை இருந்தும் விறைப்பு வராதது அல்லது நிலைக்காதது. மூன்று, விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவது. நான்கு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவது. இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒன்றல்ல. டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இருப்பவருக்கு விறைப்பு வராமல் போகலாம். ஆசையிலும் விறைப்பிலும் ஒரு குறையும் இல்லாதவருக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம். மூன்று பிள்ளை பெற்றவருக்கு ஹார்மோன் குறைந்திருக்கலாம். நான்காவதை மருத்துவர்கள் ஹைப்போகொனாடிசம் என்கிறார்கள். விதைகள் போதிய அளவு ஹார்மோன் சுரக்காத நிலை என்று பொருள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்ற பழமொழியையும் இங்கேயே கழித்துவிடலாம். விந்து நீரின் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. டெஸ்டோஸ்டிரோனோ விதையிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போகிறது. விந்து வெளியேறுவதால் ஹார்மோன் சேமிப்பு கரைந்துவிடாது. இரண்டும் வேறு கணக்கு. இந்தப் பழமொழியை நம்பிப் பயந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட இளைஞர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

கிடாயும் சேவலும்

டெஸ்டோஸ்டிரோன் என்ன செய்கிறது என்பதைக் கிராமத்தில் ஆடு வளர்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கறிக்காக வளர்க்கும் கிடாயைச் சிறு வயதிலேயே காயடிப்பார்கள். காயடித்த கிடாய் முட்டாது, பெட்டையைத் துரத்தாது, அந்தக் கிடாய் வாடையும் இருக்காது. கூடவே இன்னொன்று நடக்கும்: கொழுப்பு வைக்கும். கறிக்கடையில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆண்மைக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பைக் கசாப்புக்காரர்கள் ஆய்வகங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

ஆய்வகம் 1849இல் இதைக் கையில் எடுத்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற உடலியல் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றினார். அப்படி அகற்றினால் கொண்டை வளராது, கூவாது, சண்டை போடாது. ஆனால் சில சேவல்களுக்கு அகற்றிய விதையை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. இருந்தும் அந்தச் சேவல்களுக்குக் கொண்டை சிவந்து வளர்ந்தது, கூவின, சண்டையிட்டன. அப்படியானால் விதையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியே போய் வேலை செய்கிறது. அப்படி ரத்தத்தில் ஏறி உடம்பின் வேறு மூலைக்குச் சேதி கொண்டுபோகும் பொருளுக்குத்தான் பின்னாளில் ஹார்மோன் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு நூறு கிலோ காளை விதைகளை அரைத்து வடித்துப் பத்து மில்லிகிராம் எடுத்தது. இந்த அளவில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான ஆணின் ரத்தத்தில், ஒரு கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அத்தனையையும் ஒன்றுசேர்த்தாலும் தூள் உப்பின் ஒரு துகள் எடை தேறாது. மீசை, குரல், தசை, எலும்பு, இச்சை எல்லாம் அந்தத் துகளுக்கும் குறைந்த ஒன்றின் வேலை.

மாடித் தொட்டியும் மிதவையும்

அவ்வளவு சிறிய அளவை உடம்பு எப்படிச் சீராக வைத்திருக்கிறது? மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் தானியங்கி மோட்டாரும் வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் இது புரியும்.

தொட்டிக்குள் ஒரு மிதவை. நீர் இறங்கினால் மிதவை இறங்கும்; மோட்டாருக்குத் தகவல் போகும்; கிணற்று நீர் மேலே ஏறும். தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்தும். உடம்பில் தொட்டி என்பது ரத்தம். மிதவை, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி. மோட்டார், அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. கிணறு, விதைகள்.

ஹைப்போதலாமஸ் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிட்யூட்டரியைத் தட்டுகிறது. தட்டு விழுந்ததும் பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது விதைக்குப் போய் அங்குள்ள லெய்டிக் செல்களிடம் ‘சுர’ என்கிறது. எஃப்.எஸ்.எச். என்ற இன்னொன்று விந்தணு உற்பத்தியைக் கவனிக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் ஹைப்போதலாமஸ் தட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. விளைவு திரும்பிவந்து காரணத்தையே கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் பிளம்பர் முதலில் கேட்பது என்ன? “மோட்டார் ஓடுகிறதா?” ஹார்மோன் மருத்துவரும் அதைத்தான் கேட்கிறார். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் மோட்டார் விடாமல் ஓடுகிறது, கிணற்றில்தான் கோளாறு. பருவ வயதுக்குப் பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி விதையைத் தாக்கியிருக்கலாம். குழந்தைப் பருவத்தில் விதை இறங்காமல் இருந்திருக்கலாம். பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையாக இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். ஏறாமல் இருந்தால் மோட்டாரோ மிதவையோ சரியில்லை. பிட்யூட்டரிக் கட்டி, தலையில் பட்ட அடி, ஓபியம் சார்ந்த வலி மருந்துகள், ஸ்டீராய்டுகள் என்று இதற்கும் காரணங்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் மிதவையைக் குழப்பும் மிகச் சாதாரணமான காரணம் இவை எதுவும் இல்லை. அது பெல்ட்டுக்கு மேலே பிதுங்கிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஆசை, விறைப்பு, விந்தணு, ஹார்மோன் நான்கும் தனித்தனி. ஹார்மோனை மூளையும் விதையும் சேர்ந்து, மிதவை வைத்த தொட்டிபோல ஓர் அளவில் நிறுத்துகின்றன. குறைந்தால் கோளாறு கிணற்றிலா மேலேயா என்பதை எல்.எச். சொல்லும்.

டவுன் பஸ் கணக்கு

தொப்பைக்குப் போகும் முன் ஒரு சின்ன நுணுக்கம். ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அத்தனையும் வேலைக்கு வருவதில்லை. டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் சீட்டில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது, எழுந்திருக்கவே மாட்டார்கள். இன்னொரு கூட்டம் படிக்கட்டில் தொங்குகிறது. வேண்டிய இடத்தில் குதித்து இறங்கிவிடும். ஏற்கெனவே இறங்கித் தெருவில் நடப்பவர்கள் சிலர். கடைக்குள் நுழைந்து வியாபாரம் செய்யக்கூடியவர்கள் இவர்களே.

சீட் என்பது கல்லீரல் தயாரிக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம். டெஸ்டோஸ்டிரோனை அது இறுக்கிப் பிடித்து வைக்கிறது. படிக்கட்டு, ஆல்புமின் என்ற பொதுப் புரதம், பிடி தளர்வானது. தெருவில் நடப்பது கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன். மொத்தத்தில் அது ஏறத்தாழ 2 சதவீதம்தான். சாதாரணமாக லேபில் எடுப்பது இந்த மூன்றையும் சேர்த்த மொத்தக் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சீட்டுகளின் எண்ணிக்கையே குறைந்துபோனால் மொத்தத் தலைக்கணக்கு குறையும். தெருவில் நடப்பவர்கள் முன்புபோலவே இருக்கலாம். உடல் பருத்தவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். சர்க்கரை நோயின் முதல் கட்டத்தில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இந்த நிலையில் கல்லீரல் எஸ்.எச்.பி.ஜி. தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. ரிப்போர்ட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத் தெரியும். தெருவில் நடமாட்டம் அப்படியே இருக்கும். இவருக்கு ‘ஹார்மோன் குறைவு’ என்று முத்திரை குத்தி ஊசி போட்டால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாக ஆகும்.

தொப்பை கீழே இழுக்கிறது, ஹார்மோன் தொப்பையை ஏற்றுகிறது

எல்லாப் பருத்தவர்களும் சீட் கணக்கோடு தப்பித்துவிடுவதில்லை. எடை மிகவும் கூடும்போது கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனும் நிஜமாகவே இறங்கிவிடுகிறது. டைப் 2 சர்க்கரை நோயுள்ள ஆண்களைச் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது குறைந்திருந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் ஆண்கள் எத்தனை கோடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் இறங்குகிறது? இணையத்தில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் மிதவையைத் தூக்கிப் பிடித்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. நொதி இருப்பது உண்மை. அது மாற்றுவதும் உண்மை. ஆனால் ஹார்மோன் குறைந்த சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனை அளந்தபோது அதுவும் பல பேருக்குக் குறைவாகவே இருந்தது. ஆகவே கதை அவ்வளவு நேரானதல்ல. இன்சுலின் எதிர்ப்பும், கொழுப்புத் திசுவிலிருந்து கசியும் அழற்சிப் பொருட்களும் ஹைப்போதலாமஸின் தட்டலையே மந்தப்படுத்துகின்றன என்பது கூடுதல் பொருத்தமான விளக்கம். மிதவையைத் தண்ணீர் தூக்கவில்லை. அது பாசி பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

தூக்கமும் இதில் சேர்த்தி. டெஸ்டோஸ்டிரோன் இரவுத் தூக்கத்தில் ஏறிக் காலையில் உச்சத்தில் நிற்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு: பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியிருந்தது. தொப்பையுள்ளவர் குறட்டை விடுவார். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வரும். தூக்கம் துண்டு துண்டாகும். மனைவிமார்கள் சொல்லும் ‘இரவெல்லாம் ரம்பம் அறுக்கிறார்’ என்ற புகார் உண்மையில் ஒரு மருத்துவக் குறிப்பு.

இனி எதிர்த்திசை. கிடாயை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கட்டுகிறது, கொழுப்பு சேர்வதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். தசை குறைந்தால் கிடங்கு சுருங்கும். சர்க்கரை தெருவில் நிற்கும். மனிதர்களில் இதற்குச் சான்று, புராஸ்டேட் புற்றுநோயாளிகள். அந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்வதால், மருந்து கொடுத்து அந்த ஹார்மோனை வற்றடிப்பார்கள். சில மாதங்களிலேயே தசை குறைந்து, கொழுப்பு கூடி, இன்சுலின் எதிர்ப்பு ஏறும். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆக, தொப்பை ஹார்மோனைக் கீழே இழுக்கிறது. இறங்கிய ஹார்மோன் தொப்பையை வளர்க்கிறது. வட்டம். வட்டத்தில் எங்கே கைவைப்பது என்பதுதான் கேள்வி. எடை குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறுவது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டிருக்கிறது. இரைப்பை அறுவை செய்து பெருமளவு எடை இறங்கியவர்களிடம் இன்னும் தெளிவாக. மறுமுனையில், ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய சோதனை ஒன்று 2021இல் வெளிவந்தது. 50 முதல் 74 வயதுக்குட்பட்ட, இடுப்பு பெருத்த, டெஸ்டோஸ்டிரோன் சற்றுத் தாழ்ந்த 1,007 ஆண்கள். எல்லாரையும் எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குக் கூடுதலாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் ஊசி. இரண்டு ஆண்டு முடிவில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் வெறும் ஊசிக் குழுவில் 21 சதவீதம், மருந்துக் குழுவில் 12 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு ‘டெஸ்டோஸ்டிரோன் சர்க்கரைக்கு மருந்து’ என்று எழுதியவர்கள் உண்டு. அதே சோதனையில் மருந்து பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டி, ரத்தம் கெட்டிப்பட்டது என்ற வரியை அவர்கள் எழுதவில்லை. பிறகு அமெரிக்காவில் நடந்த டிராவர்ஸ் என்ற இன்னும் பெரிய சோதனையில், எடைகுறைப்புத் திட்டம் இல்லாமல் ஹார்மோனை மட்டும் கொடுத்தபோது, சர்க்கரை நோய் வருவதை அது தடுக்கவில்லை. என் கணிப்பு: வட்டத்தை உடைக்க ஹார்மோனைவிட இடுப்புதான் நல்ல பிடி.

சொட்டுநீர்க் குழாய் முதலில் அடைக்கும்

விறைப்புக்கு வருவோம். நண்பரின் நிஜமான கவலை இதுதான். அதை அவர் இரண்டாவது போன் பேச்சில்தான் சொன்னார்.

இச்சையை எழுப்புவதில் டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்திலும் விடியற்காலையிலும் தானாக வரும் விறைப்புக்கும் அது வேண்டும். ஆனால் விறைப்பு என்ற நிகழ்ச்சி முதன்மையாக ரத்தக்குழாயின் வேலை. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி வந்ததும் ஆணுறுப்பின் ரத்தக்குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. நிரம்பிய அழுத்தத்தில் வெளியேறும் வழி நசுங்கி மூடிக்கொள்கிறது. இதய நோய் ஆராய்ச்சியில் தொடங்கி 1998இல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் மாத்திரை, அந்த வாயு தொடங்கிவைத்த வேலை சீக்கிரம் கலைந்துவிடாமல் காக்கிறது. அது ஹார்மோன் மாத்திரை அல்ல.

சொட்டுநீர்ப் பாசனம் போட்ட விவசாயிக்குத் தெரியும்: உப்புத் தண்ணீரில் முதலில் அடைத்துக்கொள்வது மெயின் குழாய் அல்ல, செடியடியில் இருக்கும் சின்னத் துளை. உடம்பிலும் அப்படித்தான். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் ரத்தக்குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் புகையும் சேர்ந்து குழாய்ச் சுவரைக் கெடுக்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது சின்னக் குழாய். இதய நோய் தலைகாட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவு வந்துவிடுவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால் நாற்பதுகளில் புதிதாக இந்தக் கோளாறு வந்தவருக்கு லாட்ஜ் வைத்தியர் லேகியம் கொடுத்து அனுப்பும்போது, பறிபோவது பணம் மட்டுமல்ல. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்திருக்க வேண்டிய ஆண்டுகளும்தான்.

ஹார்மோன் நிஜமாகவே தாழ்ந்த முதியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனைகள் 2016இல் வெளிவந்தன. 65 வயது கடந்த 790 பேர். இச்சையும் விறைப்பும் ஓரளவு மேம்பட்டன. அசதி போய்ச் சுறுசுறுப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது பெரிதாக நடக்கவில்லை. ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் இன்னும் கூடும் என்பதும் இல்லை. நிரம்பிய தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் குழாயில் வேகம் ஏறாது.

சுருக்கமாக: இச்சை குறைந்தால் ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். இச்சை இருந்து விறைப்பு மட்டும் தவறினால் முதலில் ரத்தக்குழாயையும் சர்க்கரையையும் சந்தேகிக்க வேண்டும். மனக்கலக்கமும் சில மாத்திரைகளும்கூட இதைச் செய்யும்.

அந்த 4.40 மணி

இப்போது வட்டமிடாத எண். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும் என்று சொன்னேன். வயிறு நிறையச் சாப்பிட்டாலும் தற்காலிகமாக இறங்கும். காய்ச்சலின்போதும் இறங்கும். நண்பர் மதியம் ஒரு கல்யாண விருந்து முடித்துவிட்டு, வழியில் ‘ஆண்கள் நலப் பேக்கேஜ் தள்ளுபடி’ என்ற பலகையைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். முந்தின இரவு கல்யாண வீட்டில் தூக்கமில்லை. விருந்து, விழிப்பு, மாலை வேளை மூன்றும் சேர்ந்தால் 248 வருவது அதிசயமில்லை.

முறை இதுதான்: காலையில், முடிந்தால் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருந்து, அதற்கேற்ற அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்ற பெயர். எண் மட்டும் நோயல்ல. அறிகுறி மட்டும் நோயல்ல.

எது குறைவு? பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களிடம் ஒரு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இருப்பதாக ஒரு பெரிய ஒப்பீடு சொல்கிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 300க்குக் கீழே என்று கோடு கிழித்திருக்கிறது. இந்த அகலத்தைக் கவனியுங்கள்: 350 உள்ளவரும் 850 உள்ளவரும் இருவருமே இயல்பானவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

வயது ஏற ஏற, ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவில் இறங்கும். அது முடி நரைப்பதுபோல. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று அறிகுறிகள் மட்டுமே ஹார்மோன் குறைவோடு உறுதியாக ஒட்டி நிற்பதாகக் கண்டது: விடியற்கால விறைப்பு அருகுவது, இச்சை குறைவது, விறைப்புக் கோளாறு. இவை மூன்றும் இருந்து ஹார்மோனும் தாழ்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்? 2.1 சதவீதம். அசதி, கவனக்குறைவு, எரிச்சல் என்று விளம்பரங்கள் அடுக்கும் பட்டியல் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் மனச்சோர்வுக்கும் அப்படியே பொருந்தும். மார்ச் மாதத்துக் கணக்காளர் எவருக்கும் பொருந்தும்.

லாரித் தண்ணீர்

ஊசி வேண்டவே வேண்டாமா? வேண்டியவர்களுக்கு வேண்டும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர், பிட்யூட்டரி கெட்டவர், விதைகளை இழந்தவர்: இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வாழ்க்கையைத் திருப்பித் தரும் மருந்து. இதயத்துக்கு ஆபத்து என்ற பழைய அச்சத்தைச் சோதிக்கவே நடந்தது டிராவர்ஸ். இதய ஆபத்து கூடுதலாக உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒருவகை இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்துக் குழுவில் சற்று அதிகம். வயதானதால் மட்டும் சற்று இறங்கியவர்களுக்கு இதைக் கொடுப்பதன் பலனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இலேயே மருந்துச் சீட்டில் எழுதவைத்தது.

குழந்தை வேண்டுமென்று இருப்பவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஊசி போடுவது தொட்டியில் லாரித் தண்ணீர் ஊற்றுவது போன்றது. தொட்டி நிறைகிறது, மிதவை எழும்புகிறது, மோட்டார் நின்றுவிடுகிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். உடம்புக் கிணறு அப்படிப்பட்டது. விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அந்தச் செறிவில்தான் விந்தணு விளையும். மோட்டார் நின்றால் ரத்தத்தில் ஹார்மோன் ததும்பும், விதைக்குள் வற்றும். விந்தணு குறைந்து பலருக்குச் சுழியமாகிவிடும். இதே காரணத்துக்காக உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. ‘ஆண்மையைக் கூட்ட’ ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளும் பையன், உண்மையில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும்.

லேகியங்கள், அமுக்கராச் சூரணம், பாதாம் பிசின் பற்றியும் கேட்பார்கள். அமுக்கராவை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம்பி ஹார்மோன் சிகிச்சையைத் தள்ளிப்போடும் அளவுக்குப் பலமில்லை. முருங்கைக்காய் நல்ல காய். சாம்பாரில் போடலாம்.

நண்பரை ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு ஹார்மோன் மருத்துவரிடம் போகச் சொன்னேன். அங்கே டேப் வைத்து இடுப்பை அளந்தார்கள்: 104 சென்டிமீட்டர். நம் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. காலை ஏழரை மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 341. எல்.எச். இயல்பு. கூடவே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் எடுத்தார்கள், 7.1. தனக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரியும்.

அந்த ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பினார். இந்த முறை 341ஐ வட்டமிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். 7.1ஐ வட்டமிடவில்லை. நான் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், அலுவலகத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி நடக்கிறார், குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார். டெஸ்டோஸ்டிரோனை மறுபடி பார்க்க மருத்துவர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். காலையில், வெறும் வயிற்றில்.